அழுகிற சிவப்பு மூஞ்சி

"மறுபடியும் சிவப்பு மூஞ்சியா!" பஸ் டிரைவர் போனை உதறினார். உதறினால் நிறம் மாறிவிடுமா என்ன?

மகளின் பள்ளியில் கம்ப்யூட்டரில் சாப்பாட்டுப் பாடம் நடக்கிறது. மதியம் தின்றதைப் பிள்ளைகளே திரையில் தொட்டுக் காட்ட வேண்டும். காய்கறி என்றால் பச்சை மூஞ்சி சிரிக்கும். பன், சிப்ஸ் என்றால் சிவப்பு மூஞ்சி அழும். அந்த அழுகை அப்பா போனுக்கும் வரும். தலைமை நர்ஸ் ஆவதற்கான ஆறு மாதப் பயிற்சிக்கு வெளியூர் போயிருக்கும் அம்மா போனுக்கும் வரும். வினையே அதுதான்.

"என்னங்க, பிள்ளைக்கு என்னத்தைத்தான் கட்டிக் கொடுக்கிறீங்க?"

"பீன்ஸும்மா! விடியறதுக்குள்ள எழுந்து நானே நறுக்கறேன்!"

"அப்போ கம்ப்யூட்டர் பொய் சொல்லுதா? நாளைக்கும் சிவப்புன்னா, பயிற்சியும் வேணாம், பதவியும் வேணாம். பெட்டியைக் கட்டிட்டு வந்துடுவேன்."

டிரைவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாள் பீன்ஸோடு கேரட், பட்டாணி, கீரை என்று சந்தையையே டப்பாவில் அடைத்தார். வாசனைக்குப் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்துகொண்டது. சாயங்காலம் டப்பா வழித்துத் துடைத்தாற்போலத் திரும்பி வந்தது.

"எல்லாம் சாப்பிட்டியா கண்ணு?"

"டப்பா காலிப்பா. நாளைக்கு மிளகு கொஞ்சம் தூக்கலா போடுப்பா."

அவருக்கு உச்சி குளிர்ந்தது. அந்த நேரம் பார்த்துப் போன் கிணுகிணுத்தது. சிவப்பு மூஞ்சி! இந்தத் தடவை கண்ணீர் இரண்டு சொட்டு அதிகம்.

"நான் கிளம்பறேங்க."

"ஒரே ஒரு நாள் பொறும்மா! அந்த கம்ப்யூட்டரை நானே நேர்ல பார்த்துக் கேட்டுட்டு வரேன்!"

காலையில் காக்கிச் சட்டையோடு, கையில் டப்பாவோடு, கம்ப்யூட்டர் அறைக்குள் புயலாக நுழைந்தார்.

"என்ன டீச்சர் அநியாயம் இது? இந்த விரலைப் பாருங்க, அஞ்சு இடத்துல கத்தி வெட்டு! எங்க வீட்டுல பன்னே வாங்கறதில்ல!"

டீச்சர் திரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். கண் மட்டும் டப்பாவுக்குப் போய்ப் போய் வந்தது.

"கோபப்படாதீங்க சார். பிள்ளை சாப்பிட்டதைத்தான் தொட்டிருக்கா. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது."

"அப்போ நான் பொய் சொல்றேனா? என் பொண்டாட்டி வேலையே போகப் போகுது டீச்சர்!"

சத்தம் கேட்டு ஆயாம்மா தண்ணீர்க் குடத்தோடு எட்டிப் பார்த்தாள். டப்பாவைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"அட, டிரைவர் சாரா! மிளகு தூக்கலா போட்டாச்சா? உங்க டப்பா வந்தாதான் டீச்சருக்குச் சாப்பாடே இறங்குது. அவங்க பன்னும் சிப்ஸும் உங்க பாப்பாவுக்குத்தானே போகுது!"