பெட்டிக்குள் இருப்பவர்

வெள்ளிக்கிழமை மதியக் காட்சிக்கு அரைமணி இருக்கும்போது வஸ்ஃபி எஃபெந்தியின் தொண்டை கட்டிக்கொண்டது.

பெரிய நடிகர் ஷாஹீன் பே நாடகம் என்றால் கெய்ரோவே திரளும். ராஜா வேஷத்தில் அவர் கர்ஜித்தால், மாடி வரிசை "இன்னொரு தடவை!" என்று கத்தும், அவரும் இன்னொரு தடவை கர்ஜிப்பார். ஆனால் பதினெட்டு வருஷத்தில் அவர் ஒரு வரியைக்கூட மனப்பாடம் செய்ததில்லை. மேடை விளிம்பில் இருக்கும் பெட்டிக்குள் மார்பளவு புதைந்து உட்கார்ந்து, வஸ்ஃபிதான் ஒவ்வொரு வரியையும் எடுத்துக் கொடுப்பார். அதில் அவருக்கு மலையளவு பெருமை. சுவரொட்டி மூலையிலாவது தன் பெயரைப் போடும்படி நேற்றுத்தான் கேட்டிருந்தார்.

"பொந்துக்குள்ள கிடக்கிற ஆளுக்காக எவன்யா டிக்கெட் வாங்குவான்?" என்று ஷாஹீன் பே சிரித்துவிட்டார்.

அந்தக் கோபத்தை வீட்டில் மனைவியிடம் இரண்டு மணி நேரம் கத்தித் தீர்த்ததன் பலன்தான் இந்தத் தொண்டை.

காபிக்காரர் ஜாபிர் கொதிக்கக் கொதிக்கச் சோம்புக் கஷாயம் கொடுத்தார். மடக்கென்று விழுங்கியதில் நாக்கு வெந்து, மிச்சமிருந்த குரலும் போனது.

திரை ஏறியது. தளபதியை அணைத்துக்கொள்ள வேண்டிய இடத்தில் வஸ்ஃபி இரண்டு கைகளையும் வளைத்துக் காட்டினார். ஷாஹீன் பே தளபதியின் கழுத்தை நெரித்தார்.

வேறு வழியில்லாமல் வஸ்ஃபி ஜாபிரைப் பெட்டிக்குள் இழுத்து நாடகப் புத்தகத்தை நீட்டினார். ஜாபிர் கடகடவென்று படிப்பார். எதைப் படிக்காமல் விட வேண்டும் என்பதுதான் அவருக்குத் தெரியாது. காதில் விழுந்ததை யோசிக்காமல் முழங்குவதோ ஷாஹீன் பேயின் பழக்கம்.

"மகளே, உன் பிரிவை எப்படித் தாங்குவேன்!" என்று கதறியவர், அதே சோகத்தோடு, "இங்கே மன்னர் மயங்கி விழுகிறார். காவலர்கள் இடப்பக்கமாக நுழைகிறார்கள்!" என்றார். பிறகு விழுந்தார்.

மாடி வரிசை எழுந்து நின்று, "இன்னொரு தடவை!" என்றது. ராஜா எழுந்தார், மறுபடி அறிவித்தார், மறுபடி விழுந்தார். இப்படி நாலு தடவை. முன் இரண்டு வரிசைக்காரர்கள் மட்டும் சிரிக்கவில்லை. வருஷக்கணக்காக அதே நாற்காலிகளில் கண்ணை மூடிக்கொண்டு நாடகம் கேட்பவர்கள் அவர்கள். இன்று கண்ணைத் திறந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வஸ்ஃபிக்கு அவமானத்தில் உடம்பு கூசியது.

திரை இறங்கியதும் ஷாஹீன் பே இடுப்பைத் தேய்த்துக்கொண்டே வந்தார்.

"கைத்தட்டலைக் கேட்டீரா? நாளையிலிருந்து ஜாபிரே போதும். நீர் வீட்டுல இரும்."

வஸ்ஃபி பதினெட்டு வருஷத்துப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது.

அப்போது டிக்கெட் விற்கும் பட்ரோஸ் எட்டிப் பார்த்தார்.

"ஷாஹீன் பே, நாளைக்கு டிக்கெட் எடுக்கலாமா வேண்டாமான்னு முன்வரிசைக்காரங்க கேக்கறாங்க."

"எடுக்கச் சொல்லு. நாளைக்கும் விழறேன்."

"அதில்லீங்க. பெட்டிக்குள்ள இருக்கறவருக்குத் தொண்டை சரியாயிடுமான்னு கேக்கறாங்க. இத்தனை வருஷமா முன்னாடி உக்கார்றதே அவர் சொல்றதைக் கேக்கத்தானாம். அதுக்குப் பின்னாலேயே நீங்க திருப்பிச் சொல்றதை, போனாப் போகுதுன்னு பொறுத்துக்கறாங்களாம்."