மூழ்காத பூச்சி

இந்த வருடம் என் பூச்சி மூழ்காது. மூழ்கினால் மீசையை எடுத்துவிடுகிறேன்.

இப்படிச் சபதம் போட்டுவிட்டுத்தான் சாப்பாட்டு மேஜையில் கடையை விரித்தேன். பூச்சி என்றால் உயிருள்ள பூச்சி இல்லை. தூண்டில் முள்ளில் இறகையும் நூலையும் சுற்றி நாமே கட்டுகிற பொய்ப் பூச்சி. அது தண்ணீர்மேல் மிதக்கவேண்டும். மீன் ஏமாந்து மேலே வந்து கவ்வவேண்டும். போன வருடம் என் பூச்சி, போட்ட உடனே அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. என் கூட்டாளி ஒருவன், ஆற்றில் மணிக்கணக்காக ஆடாமல் நிற்பான். கொக்கு என்றுதான் கூப்பிடுவோம். "உன் பூச்சிக்கு நீச்சல் தெரியாதாடா?" என்றான். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதைவிட்டு இறங்கவில்லை.

ஆறு நாள் கட்டினேன். சேவலின் கழுத்து இறகில் விறைப்பானதாகப் பார்த்துப் பொறுக்கினேன். தொளதொள இறகு தண்ணீரைக் குடித்துவிடும். நூலுக்கு மெழுகு தடவினேன். மகள் கல்யாணமாகிப் போகும்போது விட்டுப்போன நகப்பூச்சில் ஒரு சொட்டு எடுத்து முடிச்சின்மேல் வைத்தேன். இனி மீன் கடித்தாலும் அவிழாது.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுக்குப் போறோம்ல?" என்றாள் மனைவி.

"அன்னிக்கிலிருந்துதாம்மா ஆத்துல மீன் பிடிக்க விடுறாங்க. ஒன்பது மணிக்கு ஒரே பஸ்."

"அக்கா மூணு மாசமா கூப்பிடுறா."

"ஆறு ஒரு வருஷமா கூப்பிடுது."

"முங்குற பூச்சிக்கு பஸ் வேறயா?"

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஞாயித்துக்கிழமை நீ பிரார்த்தனைக்கு உக்காரும்போது இதை வாளித் தண்ணில விடுறேன். நீ முடிக்கிற வரைக்கும் மிதந்தா நான் ஆத்துக்கு. முங்கினா அக்கா வீட்டுக்கு. அதுவரைக்கும் நான் எழுந்திரிச்சாலும் தோத்த மாதிரிதான். போதுமா?"

"நான் முடிக்கிற வரைக்குமா?"

"முடிக்கிற வரைக்கும்!"

அவள் பிரார்த்தனை ஐந்து நிமிடம். இருபத்தெட்டு வருடமாக அதே ஐந்து நிமிடம்.

ஞாயிறு காலை எட்டரை. பூச்சியை வாளியில் விட்டேன். அவள் கண்ணை மூடினாள்.

"கடவுளே, பெரியவளை நல்லா வை. அவ வீட்டுக்காரர் முதுகுவலிய எடுத்துடு. சின்னவன் ஆபீஸ்ல எல்லாரையும் நல்லா வை..."

எல்லாரையும் என்று நிறுத்தியிருக்கலாம். ஒவ்வொருவராகச் சொன்னாள். அங்கே நாற்பது பேர் வேலை செய்கிறார்களாம்.

பூச்சி ராஜா மாதிரி நின்றது. இறகு நுனிகூட நனையவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

எட்டு ஐம்பது. பிரார்த்தனைக்குள் பால்காரர் வந்தார். பிறகு பால்காரரின் மாடுகள் வந்தன.

நான் இருமினேன். என் தொண்டை சரியாகவேண்டும் என்று அதற்கும் ஒரு வரி சேர்த்துக்கொண்டாள்.

ஒன்பது. தெருவில் ஹாரன். எழுந்தால் தோல்வி. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே பஸ் போனது. அதிலிருந்து கொக்கு டாட்டா காட்டினான்.

"கடவுளே, என் பக்கத்துல உக்காந்திருக்கிறவருக்கு இன்னும் கொஞ்சம் பொறுமையக் குடு."

கண்ணைத் திறந்தாள்.

"அட, மிதக்குதே! ஜெயிச்சிட்டீங்க! ஆத்துக்குப் போயிட்டு வாங்க."

"பஸ் போயிடுச்சு."

"அடடா! அக்கா வீட்டு பஸ் ஒன்பதரைக்குத்தான். பூச்சியையும் எடுத்துக்குங்க. அவளும் பாக்கட்டும்."

அக்கா வீட்டுத் தொட்டியிலும் பூச்சி மிதந்தது. அக்கா கன்னத்தில் கைவைத்து அதிசயப்பட்டாள். என் மனைவி அவள் காதில் ஏதோ சொன்னாள். உடனே அக்காவும் கண்ணை மூடி, "கடவுளே" என்று ஆரம்பித்தாள்.

அக்காவுக்குப் பிள்ளைகள் ஏழு.