கோல்கீப்பரின் கோடு நின்றுபோன இடம்

சிங்காநல்லூர்,
வெள்ளிக்கிழமை, சாயங்காலம்.

கல்லூரிப் பெண்கள் கால்பந்து அணியின் கோச், மதிப்புக்குரிய மாப்பிள்ளை கிருபாசங்கர் அவர்களுக்கு, உங்கள் அக்காளைக் கட்டிய பொங்கியண்ணன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அக்கா சின்னாத்தாளும் சுகம். பதிலுக்கு உங்கள் சுகத்தையும் தங்கச்சி, குழந்தைகள் சுகத்தையும் கேட்டு எழுதுவதுதான் முறை. ஆனால் நாளைக்குக் கடைசி மேட்சை வைத்துக்கொண்டு நீங்கள் சுகமாக இருக்க வழியில்லை என்பதால் அதைக் கேட்காமல் விடுகிறேன், தப்பாக நினைக்க வேண்டாம்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். நீங்கள்தான் என் போனை எடுப்பதில்லையே. பவானி மேட்சுக்குப் பிறகு என் பெயர் வந்தாலே போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறீர்கள் என்று கேள்வி. உங்களைக் குற்றம் சொல்லவில்லை, நானாக இருந்தால் அதைத் தண்ணீர்த் தொட்டியிலேயே போட்டிருப்பேன். நமக்குச் சாயங்காலப் பால் ஊற்றுகிற திருமலைசாமி அடுத்து உங்கள் ஹாஸ்டலுக்குத்தான் போகிறார். அவர் கையில் கொடுத்துவிடலாம் என்று அவசரமாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கணக்குக்குள் நானாக வந்து விழவில்லை. சீசன் ஆரம்பித்து வரிசையாகத் தோற்றுவிட்டு, எங்கள் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டு, "மாமா, மில்லுல நூலு எதனால அறுந்துபோவுதுன்னு கண்டுபுடிச்ச ஆளு நீங்க. எம்பட புள்ளைங்க எதனால தோக்கறாங்கன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டது நீங்கள். எனக்கும் ரிட்டையர் ஆன பிறகு எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாமல் கை நமநமத்துக்கொண்டிருந்தது. மேலும் உங்கள் கோல்கீப்பர் நான் பெற்ற மகள் லோகப்பிரியா. வாங்கிய கோல் எல்லாம் அவள் தலையில்தான் விடிகிறது. எனவே ஒத்துக்கொண்டேன்.

மில்லில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் ஒரே ஒரு பாடம்தான். மேலே ஒரு கோடு போடு, கீழே ஒரு கோடு போடு. நடுவில் புள்ளி எப்படித் துள்ளினாலும் அது இயல்பு, விட்டுவிடு. கோட்டைத் தாண்டினால் மட்டும் மெஷினை நிறுத்திக் காரணம் தேடு. அதையேதான் உங்கள் டீமுக்கும் செய்தேன். மேட்சுக்கு மேட்ச் கேலரியின் மேல்படியில் போய் உட்கார்ந்து, யார் பந்தைத் தொட்டார்கள், எங்கே விட்டார்கள், எந்தப் பக்கமிருந்து கோல் விழுந்தது என்று புள்ளி வைத்தேன். வெயிலுக்குப் பயந்து அந்தப் படிக்கு வேறு யாரும் ஏறுவதில்லை. எனக்கு இந்தப் பக்கம் குடை, அந்தப் பக்கம் கடலைப் பொட்டலம், மடியில் பேப்பர். (அந்தக் கடலைக்காரரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அநியாயமாகக் குறைத்துப் போடுகிறார். நான் நாலு கடலை வாயில் போடுவதற்குள் பொட்டலம் காலியாகிவிடுகிறது.)

நம் டீமின் வியாதி சாதாரண வியாதிதான், மாப்பிள்ளை. இடது பக்கம் நிற்கும் நவ்யா தலையால் முட்டப் பயப்படுகிறாள், கண்ணை மூடிக்கொள்கிறாள். ஹாஃப் டைமுக்குக் கொஞ்சம் முன்னால் எல்லோருக்கும் மூச்சு வாங்குகிறது. கார்னர் வந்தால் ஆளுக்கொரு திசையில் ஓடுகிறார்கள். இதைப் பார்த்து, கொடுமுடி மேட்சுக்கு முந்தின நாள் சும்மா ஒரு சார்ட் போட்டு வைத்தேன். ஹாஃப் டைமுக்குக் கொஞ்சம் முன்னால், இடது பக்கமிருந்து ஒரு கோல் விழும் என்று. அப்படியே விழுந்தது. நான் என்னை மறந்து கைதட்டிவிட்டேன். மகள் கோல் வாங்கியதற்குக் கைதட்டிய ஒரே தகப்பன் அந்தக் காவிரிக்கரையில் நான்தான் என்று உங்கள் அக்கா இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அடுத்த மேட்சும் சார்ட்படி நடந்தது, அதற்கடுத்ததும் நடந்தது. சும்மா நடந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். நடந்த விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. பவானியில் நீங்கள் பெஞ்சில் குனிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தீர்கள், அதனால் பார்த்திருக்க மாட்டீர்கள். பந்து எங்கேயோ கிடக்கிறது. நம் பிள்ளைகள் பதினொரு பேரும் ஒரே சமயத்தில் நின்று, தலையைத் திருப்பி, நான் உட்கார்ந்திருந்த மேல்படியைப் பார்த்தார்கள். லோகப்பிரியாவும் பார்த்தாள். எதிர் டீமிலும் இரண்டு மூன்று பேர் பார்த்தார்கள். ஒரு சத்தமில்லை. அடுத்த மூச்சில் கோல். நான் பேப்பரைப் பார்த்தேன், நான் வைத்த புள்ளியில்தான் விழுந்திருந்தது. அன்றைக்கு மூன்று கோல், மூன்று தடவையும் அதே மாதிரித் திரும்பினார்கள்.

அதற்குள் எனக்குக் கருநாக்கு என்று ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. பக்கத்து வீட்டு லட்சுமணசாமி, தன் பையனுடைய விசா வரும்வரை என்னோடு பேசுவதில்லை என்று என்னிடமே வந்து மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். போன முகூர்த்தத்தில் பந்தியில் உட்கார்ந்து, "ரசம் பத்தாதாட்ட இருக்குதுங்க" என்றேன். சமையல்காரர் என் காலில் விழாத குறையாக, "வேற எதுவும் சொல்லீராதீங்க, இன்னும் ரெண்டு பந்தி கெடக்குது" என்று ஒரு வாளி ரசத்தை எனக்கு மட்டும் ஊற்றினார். எதிர்வீட்டுப் பங்காரம்மா ஒருத்தர்தான் என்னைத் தேடி வந்தது. தன் மருமகளைப் பற்றி எதையாவது சொல்லி வைக்க முடியுமா என்று கேட்டார். நான் கணக்குப் போடுகிறவன், குறி சொல்கிறவன் இல்லை என்று அனுப்பிவைத்தேன். உள்ளுக்குள் எனக்கே அது நிச்சயமாக இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நாளைக்கும் தோற்றால் டீமைக் கலைத்துவிடுவதாக உங்கள் நிர்வாகம் சொல்லிவிட்டது. டீம் போனால் பிள்ளைகளுக்கு ஹாஸ்டலும் சலுகையும் போகும். நவ்யாவுக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்த்துத் தயாராக வைத்திருக்கிறார்கள், அடுத்த முகூர்த்தத்திலேயே கட்டிவிடுவார்கள். இந்தக் கவலையோடுதான் நேற்று நாளைய மேட்சுக்குச் சார்ட் போட உட்கார்ந்தேன். ஆளுக்கொரு கோடாகப் புள்ளிகளைச் சேர்த்தேன். எல்லோருடைய கோடும் ஆட்டம் முடியும்வரை ஒழுங்காகப் போகிறது. லோகப்பிரியாவின் கோடு மட்டும் செகண்ட் ஹாஃப் நடுவில் நின்றுவிடுகிறது. மேலே போகவில்லை, கீழே இறங்கவில்லை. நின்றுவிடுகிறது. பேனாவில் மை தீர்ந்ததோ என்று ரீஃபில் மாற்றிப் பார்த்தேன். முதலிலிருந்து மறுபடி போட்டுப் பார்த்தேன். அதே இடம்.

மில்லில் ஒரு புள்ளி அப்படி நின்றால் நூல் சுற்றும் அந்தக் கதிர் ஓடவில்லை என்று அர்த்தம். பெற்ற பிள்ளையை வைத்து அதை எழுதப் பொறுக்காமல் பேப்பரைக் கவிழ்த்து வைத்துவிட்டேன், மாப்பிள்ளை. உங்களுக்குப் போன் போட்டுப் போட்டு ஓய்ந்து, கடைசியில் அழாத குறையாக உங்கள் அக்காளிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, முந்தானையில் கை துடைத்துக்கொண்டு, திருட்டுமுழி முழித்தாள்.

"ஏனுங்க, திட்டமாட்டீங்கன்னா ஒண்ணு சொல்றனுங்க. நீங்க சார்ட்டு போட்டு வெச்சதும் நாந்தான் போட்டோ புடிச்சு வாட்சப்புல பாப்பாவுக்கு அனுப்பிப்போடுவேன். முன்னாடியே தெரிஞ்சா புள்ள சாக்கிரதையா இருக்குமில்லீங்க."

போனைக் காட்டினாள். கொடுமுடியிலிருந்து நேற்றுப் போட்டதுவரை ஒவ்வொரு சார்ட்டும் வரிசையாகப் போயிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் கீழே "சரிங்க" என்று அடக்கமாக ஒரு பதில். பவானிக்கு முந்தின நாள் மட்டும் "வாரேனுங்க" என்று இருந்தது.

எனக்கு உயிர் வந்தது. எவ்வளவு சுலபமான விஷயம் பாருங்கள். நம் பிள்ளைகள் என் சார்ட்டைப் படித்துவிட்டு, கோல் எப்போது விழும் என்று காத்திருந்திருக்கிறார்கள். நேரம் வந்ததும் மாமா சொன்னது சரியா என்று மேல்படியைப் பார்த்திருக்கிறார்கள். பந்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தால் கோல் விழாமல் என்ன செய்யும்? எதிர் டீம் பிள்ளைகள் எதற்குப் பார்த்தார்கள் என்று கேட்காதீர்கள். நாலு பேர் பார்த்தால் ஐந்தாவது ஆளும் பார்க்கத்தான் செய்வான், காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் தினம் நடக்கிறது. லோகப்பிரியாவின் கோடு நின்றதும் அப்படித்தான். தோற்றுத் தோற்றுப் பிள்ளை மனதளவில் ஓய்ந்துபோயிருக்கிறாள், அதைத்தான் புள்ளி காட்டுகிறது. நோயும் நான்தான், வைத்தியமும் நான்தான்.

எனவே வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பொய்க்கணக்குப் போட்டேன். நாளைக்கு நமக்கு ஒரு கோல், எதிராளிக்கு ஒன்றுமில்லை, கோல்கீப்பரின் கோடு கடைசி விசில்வரை ரயில் தண்டவாளம் மாதிரி நேராக. அதையும் உங்கள் அக்கா கையாலேயே சற்று முன் அனுப்பியாகிவிட்டது. பார்த்ததற்கு நீலக்குறியும் வந்துவிட்டது. நீங்கள் தைரியமாக லோகப்பிரியாவை இறக்குங்கள். காயம், ராசி, கருநாக்கு என்று யார் என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். காரணம் தெரிந்துவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை, மில்லும் அப்படித்தான், உலகமும் அப்படித்தான்.

தங்கச்சிக்கு என் அன்பையும், குழந்தைகளுக்கு ஆசியையும், டீம் பிள்ளைகள் எல்லோருக்கும் ஜெயிக்கும் பாக்கியத்தையும் இதோடு சேர்த்து அனுப்புகிறேன். நாளைக்கு மேல்படியில் சந்திப்போம், போனையும் நிமிர்த்தி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நன்மையையே எண்ணும்
பொங்கியண்ணன்.

பி.கு.: திருமலைசாமி வாசலில் வண்டியை அணைக்காமல் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறார், சீக்கிரம் எழுதுகிறேன். கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் லோகப்பிரியா என் போனுக்குக் கூப்பிட்டாள். சார்ட்டைப் பார்த்துத் தெம்பு வந்ததா கண்ணு என்று பெருமையாகக் கேட்டேன். என்ன சார்ட்டுங்கப்பா என்றாள். அம்மா அனுப்பியதுதான் என்றேன்.

"அம்மா பழைய நம்பரையே வெச்சிருக்காங்களாட்ட இருக்குதுங்கப்பா. ஹாஸ்டல்ல டவர் எடுக்கலீன்னு அத நான் சீசனுக்கு முன்னாடியே உட்டுட்டனுங்களே. எனக்கு ஒரு சார்ட்டும் வல்லீங்க."

அந்த நம்பரில் இருப்பது யாரென்று எங்களுக்கு எப்படித் தெரியும், மாப்பிள்ளை? நம் ஊரில் பெற்ற மகளும் "சரிங்க" என்கிறாள், பேங்க் மேனேஜரும் "சரிங்க" என்கிறார். இந்த மரியாதையில் ஆளைக் கண்டுபிடிக்க முடியுமா? அப்படியானால் மேட்ச் நடுவில் எல்லோரும் ஏன் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள் என்று லோகப்பிரியாவிடமே கேட்டேன்.

"உங்களப் பாக்கலீங்கப்பா. உங்க பக்கத்துல உக்காந்து கடலை திங்குமே ஒரு பொண்ணு, அதத்தான் பாப்போம். அது எந்திரிச்சு நின்னா கோலு உழுந்துருமுங்க. நம்ம சொந்தத்துல யாரோன்னு நெனச்சுட்டு இருந்தேன். ஏனுங்கப்பா, அது யாருங்க?"

என் பக்கத்தில் யாரும் உட்கார்ந்ததில்லை. நான் பதில் சொல்வதற்குள் வார்டன் போனை வாங்கிவிட்டார்கள், மேட்சுக்கு முந்தின நாள் அதுதானே உங்கள் விதி. மறுபடி கூப்பிட்டால் அணைத்து வைத்திருக்கிறது. அவளிடம் சொன்னாலும் நவ்யாவுக்காக இறங்கத்தான் செய்வாள். நீங்கள்தான் தடுக்க வேண்டும். மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். டீம் போனால் போகட்டும், நவ்யா வீட்டில் நானே போய்க் காலில் விழுந்து பேசுகிறேன்.

உங்கள் அக்கா போனை என் முன்னால் நீட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள். பொய்க்கணக்குக்குப் பதில் வந்திருக்கிறது. அனுப்பியது அவள், பதில் எனக்கு. அப்படியே எழுதுகிறேன்:

"இது உங்க கணக்கு இல்லீங்களேப்பா. பரவால்லீங்க. நாளைக்கு நான் உங்க பக்கத்துல உக்காரலீங்க, கடலை பூராவும் நீங்களே தின்னுக்குங்க. நான் கோலுக்குப் பின்னாடி போயி நின்னுக்கறனுங்க."

பிள்ளையை இறக்காதீர்கள், மாப்பிள்ளை. போனை எடுங்கள்.