நல்லையா முதலாளியின் பிள்ளைகள்

“பதினாறு முடியாத புள்ளைகள வேலைக்கு வெக்க ஏலா நல்லையா. புடிச்சா கோட்டுக்குப் போகணும்” என்று போன மாதம் பக்கத்துக் கடை சாலிஹ் ஹாஜியார் சொல்லியிருந்தார்.

“சொந்தப் புள்ளைங்கன்னா ஹாஜியார்? அப்பனுக்கு ஒத்தாசையா நின்னா?”

“அதக் கேக்க மாட்டாங்கன்னுதான் நெனக்கிறேன். எதுக்கும் நல்லா விசாரிச்சுக்கோங்க.”

நல்லையாவின் காது விசித்திரமானது. தனக்குச் செலவு வைக்காத பேச்சை மட்டும் உள்ளே விடும். மிச்சத்தை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். அப்படி உள்ளே போன பாதிப் பேச்சுதான், தொழில் அலுவலகத்து அதிகாரி சர்மிளா, உக்குவளையிலுள்ள நல்லையாவின் கறித்தூள் ஆலைக்குள் வந்து நின்றபோது கைகொடுத்தது. மேசையருகே பள்ளிக்கூடக் காற்சட்டையோடு இரண்டு பையன்கள் மிளகாய்த்தூள் பெக்கட் ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

நேரம் பார்த்து வந்திருக்கிறாள் மகராசி! சீகிரியாவில் ஒரு பெரிய ஹோட்டல் இந்த வாரம்தான் அவருடைய தூளை வாங்கக் கையெழுத்துப் போடவிருந்தது. சின்னப் பிள்ளைகளை வேலைக்கு வைத்தார் என்று ஒரு வழக்கு விழுந்தால் போதும், வெள்ளைக்காரன் தட்டுக்கும் நல்லையாவின் தூளுக்கும் உறவு முடிந்தது.

“பிரவீனா, மெஷினை நிப்பாட்டு! மேடத்துக்குக் கதிரை போடு!” என்று உள்ளே பார்த்துக் கத்திவிட்டு, நல்லையா பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

“இந்தத் தம்பி யாரு?” என்றார் சர்மிளா.

“என் மகன் கிஷாந்த், மேடம். பள்ளிக்கூடம் விட்டதும் அப்பாவுக்கு உதவின்னு ஓடி வந்துருவான். வேணாம்னாலும் கேக்க மாட்டான்.”

கிஷாந்த் வாயைத் திறந்தான். நல்லையா பாசமாகத் தலையைத் தடவுகிற சாக்கில் ஓர் அழுத்து அழுத்தினார். வாய் மூடிக்கொண்டது.

“அந்தத் தம்பி?”

“அவனும் என் மகன்தான். ரெட்டைப் புள்ளைங்க.”

சர்மிளா பையன்கள் பக்கம் திரும்பினார். “பொறந்த நாள் எப்ப தம்பி?”

“மார்ச்” என்றான் கிஷாந்த்.

“ஜூன்” என்றான் மற்றவன்.

“சின்னவன் கொஞ்சம் சுணங்கித்தான் பொறந்தான், மேடம்.”

“மூணு மாசமா?”

“அவன் அப்பவே சோம்பேறி.”

“பேரு என்ன தம்பி?”

“றுஸ்தி.”

“அது செல்லப் பேரு” என்றார் நல்லையா. “பிரவீனா, டீ எங்க? இவ்வளவு நேரமா?”

டீ வந்தது. கூடவே வாசலில் ஒரு பெண் குரலும் வந்தது. “அடேய் றுஸ்தி! வாப்பா த்ரீவீல்ல காத்துக்கிட்டு இருக்காரு. வாடா!”

“இவங்க?”

“சின்னவனோட உம்மா, நோனா” என்றார் நல்லையா. அன்று அவர் வாயிலிருந்து வந்த முதல் உண்மை அதுதான். அதுதான் அவரைக் கவிழ்த்தது.

“அப்ப பெரிய தம்பியோட அம்மா?”

“அவ உள்ள, சமையல்ல...”

“ரெட்டைப் புள்ளைக்கு ரெண்டு அம்மாவா?”

சமையலறையிலிருந்து அவர் மனைவி விஜிதா அகப்பையோடு வெளியே வந்தாள். “நான் பெத்தது ஒண்ணே ஒண்ணு. மத்ததெல்லாம் எங்க பெத்தீங்க?”

“அல்லாஹ்வே!” நோனா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டாள். “வாயைக் கழுவுங்க மொதலாளி! எங்க மனுசனக் கூப்பிடட்டா?”

அகப்பை ஒரு பக்கம், த்ரீவீல்காரன் ஒரு பக்கம். ஹோட்டல் ஓடரைவிட உயிர் பெரிதென்று நல்லையாவுக்கு முதன்முறையாகத் தோன்றியது.

“சரி மேடம், சரி! ரெண்டு பேரும் என் புள்ளைங்க இல்ல. கூலிக்கு வந்தவனுங்க. நாளையில இருந்து வர மாட்டானுங்க, போதுமா?” கையெடுத்துக் கும்பிட்டார். ஆனாலும் புத்தி அடங்கவில்லை. “ஆனா இவளைப் பாருங்க. சத்தியமா என் சொந்த மகள். எட்டாம் வகுப்பு. அந்த மெஷினே இவ பொறுப்புதான். விடியக்காலையில ஓட விட்டாள்னா, ராத்திரி கழுவி வெச்சிட்டுத்தான் படுப்பா. வாயைத் திறந்து ஒண்ணு கேட்டதில்ல. வா பிரவீனா, மேடத்துக்கிட்ட சொல்லு!”

பிரவீனா டீத் தட்டை மேசையில் வைத்தாள். வெள்ளைச் சீருடையில் பாதி மஞ்சள், பாதி சிவப்பு. கண்ணிமை வரை மிளகாய்த்தூள். தும்மலை அடக்கி, அப்பாவை ஒரு தடவை பார்த்துவிட்டு, நெடுநாளாகத் தொண்டையில் வைத்திருந்ததைச் சொன்னாள்:

“மேடம், என்னையும் கூலிக்கு வந்தவள்னே எழுதிக்குங்க. நாளையில இருந்து நானும் வரல.”