சேவியர் வீட்டு நிச்சயதார்த்த கேக்கும் திமிங்கல விமானமும்

போன ஞாயிறு எனக்கிருந்தது ஒரே ஒரு வேலை. தி.நகர் பேக்கரியில் ஒரு கேக்கை வாங்கி, சாந்தோமில் சேவியர் வீட்டில் ஒப்படைக்க வேண்டும். அவன் மகளுக்கு நிச்சயதார்த்தம்.

சேவியரும் நானும் விமான நிலையத்தில் ஒரே ஷிஃப்ட். வந்து இறங்கும் விமானத்துக்குக் கை காட்டி, நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்துகிற வேலை. வளைகுடாவில் வருஷக்கணக்காக இதையே பார்த்துவிட்டு, "போதும்டா சாமி" என்று ஊர் திரும்பி, மறுபடி இதையே பார்க்கிறேன்.

நாள் முழுக்க விமானம் பார்ப்பவன் லீவு நாளில் என்ன செய்வான்? விமானம் பார்ப்பான். சேவியரும் அப்படித்தான். இதைப் பற்றி என் மனைவியும் அவன் மனைவி ஸ்டெல்லாவும் சண்டை போடுவதை நிறுத்தியே ரொம்ப நாளாகிறது.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பன்னெண்டு மணிக்கு வராங்க. கேக் பத்திரம் மச்சி!" என்று காலையிலேயே போனில் உயிரை எடுத்தான்.

மூன்றடுக்கு கேக். வெள்ளை க்ரீம். ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கைக்குழந்தைக்காரி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

பட்டினப்பாக்கம் வரும்போது செல்போன் 'டிங்' என்றது. வானத்தில் எந்த விமானம் எங்கே பறக்கிறது என்று காட்டும் ஆப்.

திமிங்கலம் வருகிறது!

அதாவது, திமிங்கலம் மாதிரியே தலை வீங்கிய சரக்கு விமானம். நம்ம ஊருக்கு எப்போதாவதுதான் வரும். விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும்; காற்றோ மேற்கிலிருந்து அடிக்கிறது. அப்படியென்றால் கடல் பக்கமாக வந்து, பட்டினப்பாக்கம் தலைக்கு மேலேயே இறங்கும்!

"நிறுத்துப்பா, நிறுத்து!"

மீன்கடை ஓரம் இறங்கினேன். சேவியர் போனில் கூப்பிட்டான்.

"கேக் எங்கடா? ஸ்டெல்லா என்னை உரிச்சிட்டிருக்கா!"

"பட்டினப்பாக்கத்துல நிக்கிறேன். திமிங்கலம் வருது."

போனில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக,

"எந்தப் பக்கமா எறங்குது?"

"கடல் பக்கமா."

"அங்கயே நில்லு!"

பெண்ணைப் பெற்றவன் கோட்டும் டையுமாக ஸ்கூட்டரில் பறந்து வந்தான். இருவரும் அண்ணாந்து நின்றோம். கேக் வெயிலில் நின்றது.

"இன்னா சார், கேக்கு அழுவுது, நீங்க ரெண்டு பேரும் காக்கா எண்ணிகினு கீறீங்கோ?"

மீன்கார அம்மா. பெட்டியைப் பிடுங்கி, ஐஸில் வஞ்சிரத்துக்கும் சங்கராவுக்கும் நடுவில் சொருகினார்.

"இங்க கெடக்கட்டும் நைனா. கெட்டியா நிக்கும்."

அவரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு மறுபடி வானத்தைப் பார்த்தோம்.

முகத்தில் குளுகுளுவென்று ஒரு காற்று. கண்ணை மூடி ரசித்தேன். திறந்தால் சேவியர் முகத்தில் ஈயாடவில்லை.

"மச்சி... இது கடல் காத்து."

காற்று திரும்பினால் இறங்கும் திசையும் திரும்பும். திமிங்கலம் ஊரைச் சுற்றிக்கொண்டு, விமான நிலையத்துக்கு மேற்கே பம்மல் பக்கமாகச் சமர்த்தாக இறங்கிவிட்டது. வால்கூட எங்கள் கண்ணில் படவில்லை!

கேக்கைத் தூக்கிக்கொண்டு ஸ்கூட்டரில் விரைந்தோம். வழியில் வாட்ஸப்பில் ஒரு படம். எங்களுக்குப் பதிலாக டூட்டிக்குப் போன ரமேஷ், திமிங்கலத்தின் மூக்குக்கு முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். நான் லீவு போடாமல் இருந்திருந்தால், அது என் கையசைப்புக்குத்தான் வந்து நின்றிருக்கும்!

வீட்டில் எல்லாரும் காத்திருந்தார்கள். கேக்குக்கு ஒரு சேதமும் இல்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் வெட்டினார்கள். முதல் துண்டு சம்பந்திக்கு.

வாயில் போட்டார். மெல்லுவது நின்றது. மூக்கு மட்டும் மேலே போனது.

"சம்பந்தம் போச்சு மச்சி," என்று என் காதில் முனகினான் சேவியர்.

சம்பந்தி முகமெல்லாம் மலர்ந்தது. "அடடே! வாசனை தூக்குதே! மதியம் வஞ்சிரமா? சொல்லவே இல்லையே!"

மதியத்துக்கு இருந்தது வெறும் சிக்கன் பிரியாணி.

"ரெண்டு பேரும் போய் வஞ்சிரம் வாங்கிட்டு வாங்க," என்றாள் ஸ்டெல்லா. என் கையில் ஒரு கூடையைக் கொடுத்தாள். இரண்டு பேர் செல்போனையும் வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினாள்.