கடைசிக் குப்பியும் கை வைத்த ஜெபமும்

வெப்பத்தை அளக்கிறவனுக்குச் சொந்தபந்தம் இருக்கக் கூடாது. எனக்கு ஆம்பூர் முழுக்க இருந்தது.

அப்போது வேலூரில் ஆராய்ச்சி மாணவன் நான். குரோமியத்தைக் கரிமப் பொருளோடு சேர்த்துச் செய்த சேர்மம் அமிலத்தில் எவ்வளவு வெப்பம் விடுகிறது என்று அளப்பது என் வேலை. (அப்பா டேனரியில் குரோமியக் கரைசலில் தோல் ஊறவைப்பவர். "அதுக்கு இன்னாடா படிப்பு?" என்பார்.) காற்று பட்டாலே கெடும் அந்தச் சாமானைக் கண்ணாடிக் குப்பிகளில் அடைத்திருந்தேன். ஒன்றுதான் மிச்சம். ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டிய கெடுவும் அந்த வாரத்தோடு சரி. கடைசி அளவு வந்தால் பட்டம். வராவிட்டால் நானும் டேனரி.

எங்கள் வீட்டில் ஜெபிக்காமல் பால்கூடக் காய்ச்ச மாட்டார்கள். அம்மா போதகரையும் ஜெபக் குழுவையும் வேன் வைத்து ஆய்வகத்துக்கே அழைத்து வந்துவிட்டார்.

"இதான் மிஷினா தம்பி?" என்றார் போதகர்.

"ஆமாங்க ஐயா. துளி சூடு ஏறுனாலும் காட்டிடும்" என்று பீற்றிக்கொண்டேன். கை வைக்காதீர்கள் என்று சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. எங்கள் சபையில் போதகரின் கையைத் தடுக்கும் வீரன் இன்னும் பிறக்கவில்லை.

எல்லோரும் மிஷினின் பாத்திரத்தின் மேல் கை வைத்தார்கள். குப்பி உள்ளே அமிலத்தில் இருந்தது. மேலே நீட்டியிருந்த கம்பியை அழுத்தினால் உடையும். போதகரின் உள்ளங்கை சரியாக அந்தக் கம்பியின் மேல். ஆமென் பலமாக வந்தது. உள்ளே நொறுங்கும் சத்தம் கேட்டது.

திரையில் கோடு எகிறியது. "ஏறுதுடா!" என்று அம்மா அழுதார். நானும் அழுதேன், காரணம் வேறு. ஏறியதில் குரோமியம் எவ்வளவு, ஆம்பூர்க்காரர்களின் உள்ளங்கைச் சூடு எவ்வளவு என்று யாராலும் பிரிக்க முடியாது.

பட்டம் போயிற்று. அப்பா வேலை பார்த்த டேனரியிலேயே கழிவுநீரைச் சோதிக்கிறேன். வருத்தமா என்றால், வருத்தம்தான்.

போன வருடம் அப்பா ஆஸ்பத்திரியில் கடைசி நிலையில் கிடந்தார். போதகர் அவர் நெஞ்சில் வைக்கக் கை நீட்டினார். அப்பா ஆக்ஸிஜன் முகமூடியைத் தூக்கி, "கை வெக்காம ஜெபிங்க ஐயா. ரீடிங் மாறிடும்" என்றார். அம்மாகூடச் சிரித்துவிட்டார்.

இப்போதும் வீட்டில் யார் ஜெபத்துக்குக் கை நீட்டினாலும் யாராவது "ரீடிங்!" என்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். அன்று ஆஸ்பத்திரியில் சிரித்து முடித்து அப்பாவின் கையைப் பிடித்தேன். சில்லிட்டிருந்தது. எவ்வளவு நேரம் பிடித்தும் சூடு ஏறவில்லை.