இரண்டு மணி நேரம் நகராத காட்டுப்பன்றிகள்

காட்டுச் சுற்றுலா வழிகாட்டிகள் சங்க மாத இதழின் ஆசிரியரும், அதற்கு முன்பே என் அம்மாவுக்கு அண்ணனுமான தாஜேயு மாமாவுக்கு ரெசியாதோ பணிவுடன் எழுதுவது.

உங்கள் மாடுகள் நலமா, பிள்ளைகள் நலமா, அத்தை நலமா? போன மாதம் காலை ஒடித்துக்கொண்ட வெள்ளைக் காளை இப்போது ஊன்றி நடக்கிறதா? இங்கே மழை நலம், முகாம் நலம், நானும் ஏறக்குறைய நலம்.

வியாழக்கிழமை காலை ஒன்பது பத்துக்கு நான் ரேடியோவில் சொல்லாதது என்னவென்றால்: "ஓடைக்கு மேற்குக் கரை, காய் தொங்குற பெரிய மரம், புள்ளிக்காரி, கூடவே ரெண்டு குட்டி." அவ்வளவுதான். ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். யார் முதலில் பார்த்தாலும் ரேடியோவில் சொல்லிவிட வேண்டும், மற்ற வண்டிகள் முறைபோட்டு வரும், ஒரு விலங்கைச் சுற்றி ஐந்துக்கு மேல் நிற்கக் கூடாது என்கிற விதி நீங்கள் வண்டி ஓட்டிய காலத்திலிருந்தே இருப்பதுதான். சிங்கத்துக்கும் சிறுத்தைக்கும் யானைக்கும் சுவாஹிலியில் என்ன பெயர் என்று பயணிகள் விமானத்திலேயே படித்துவிட்டு வருவதால் இப்போது நாங்கள் மீசைக்காரர், புள்ளிக்காரி, காதுக்காரர் என்று சொல்லிக்கொள்கிறோம். மைக்கைக் கையில் எடுத்தேன். சொல்லவில்லை. நான் அதிகம் பேசாத பெண் என்று அம்மா உங்களிடம் பெருமையாகச் சொல்வார். இப்படியும் பேசாமல் இருக்கலாம் என்று அம்மாவுக்குத் தெரியாது.

காரணத்தைச் சொன்னால் நீங்கள் என்மேல் வருத்தப்பட மாட்டீர்கள், உங்கள்மேலேயே வருத்தப்படுவீர்கள். 'இம்மாதக் காட்சி' என்று இதழின் மூன்றாம் பக்கத்தில் ஒரு பகுதி வைத்திருக்கிறீர்களே, அதில் ஜூலை மாதம் கொய்நெட், ஆகஸ்ட் கொய்நெட், செப்டம்பர் கொய்நெட், அக்டோபரில் கொய்நெட் புகைப்படத்தோடு. அவனும் நானும் ஒரே முகாமில் ஆறு வருடமாக வண்டி ஓட்டுகிறோம், ஒரே புல்வெளியில்தான் ஓட்டுகிறோம், அவனுக்கு மட்டும் சிவிங்கிப்புலி வண்டியின் கூரைமேல் ஏறி உட்காருகிறது. அவன் உழைக்கவில்லை என்று சொல்லவில்லை. அவனுக்குக் கழுத்து நீளம். இருக்கையில் உட்கார்ந்தபடியே புல்லுக்கு மேலே அவனுக்குத் தெரிகிறது, நான் இரண்டு தலையணை போட்டும் ஸ்டீயரிங்தான் தெரிகிறது. என் பெயரும் உங்கள் இதழில் ஒருமுறை வந்தது, மறுக்கவில்லை. பயணியின் செயற்கைப் பற்களைப் பபூன் குரங்கு தூக்கிக்கொண்டு போனதைப் பற்றிய எச்சரிக்கையில் வந்தது. எனக்குப் பொறாமை கிடையாது மாமா. வயிற்றில் ஏதோ எரிகிறது, அது முகாமின் மிளகாய்ச் சாறாகக்கூட இருக்கலாம்.

ஆனால் இந்த முறை வெறும் வயிற்றெரிச்சல் மட்டும் இல்லை. நைவாஷாவில் நடக்கும் தலைமை வழிகாட்டிப் பயிற்சிக்கு எங்கள் முகாமிலிருந்து ஒரே ஒருவரை அனுப்பப்போகிறார்கள், போய்வருகிறவர்தான் இங்கே தலைமை வழிகாட்டி. கொய்நெட்டா நானா என்பதைத் திங்கட்கிழமை எழுதிப் போடுவதாக மேலாளர் நெகேசா அம்மா சொல்லியிருந்தார். பயணிகள் எழுதும் குறிப்பேட்டைப் பார்ப்பாராம், சாப்பாட்டுக் கூடாரத்தில் யார் வண்டி எதைப் பார்த்தது என்று சாக்கட்டியில் எழுதுகிறோமே அந்தப் பலகையைப் பார்ப்பாராம், உங்கள் இதழையும் பார்ப்பாராம். உங்கள் இதழைப் பார்த்தால் இந்த முகாமில் நான் வேலை செய்வதே அவருக்குச் சந்தேகமாகிவிடும்.

இந்த நேரத்தில் எனக்கு வந்து வாய்த்தவர்தான் ஃபோக்கே. ஓய்வுபெற்ற பல் மருத்துவர், நெதர்லாந்து, கூட மனைவி மாரிட்யே. அதே தெருவில் எதிர்வீட்டுக்காரர் பார்ட், கூரை ஓடு விற்கும் வியாபாரி, அவரும் மனைவியுமாக நால்வரும் ஒன்றாகத்தான் வந்தார்கள். விமானம் இறங்கிய இடத்திலேயே வண்டியின் முன்னிருக்கையில் யார் என்று தகராறு வந்து இரண்டு வண்டியாகப் பிரிந்தார்கள். பார்ட் கொய்நெட்டின் வண்டியில் ஏறினார். அதன்பிறகு நடந்ததை நீங்களே ஊகிக்கலாம். திங்கள் அவர்களுக்குச் சிங்கக் குடும்பம், எங்களுக்கு டோபி மான். செவ்வாய் அவர்களுக்குக் காண்டாமிருகம், எங்களுக்குச் சாணி வண்டு. புதன் அவர்களுக்குச் சிவிங்கிப்புலி வேட்டையாடுவது முதலிலிருந்து கடைசிவரை, எங்களுக்கு அதே சாணி வண்டு, அல்லது அதன் தம்பி. சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் பார்ட் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "நீங்க இன்னைக்கு என்ன பாத்தீங்க?" என்று கேட்பார். ஃபோக்கே பலகைப் பக்கம் திரும்பாமல், "ஒரு நல்ல காட்டுப்பன்றி. தந்தப்பல்லு ரொம்ப ஆரோக்கியமா இருந்துச்சு" என்பார். பார்ட்டின் மனைவி மாரிட்யேயின் கையைத் தட்டிக்கொடுத்து, "பரவால்ல, உங்களுக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கு" என்பார். பயணிகள் விலங்கைப் பார்க்க வருகிறார்கள் என்று நீங்கள் இதழில் எழுதுகிறீர்கள். அடுத்த வண்டி எதைப் பார்த்தது என்று பார்க்கத்தான் வருகிறார்கள் மாமா. பயணிகள் பாதியில் விட்டுப்போகும் புத்தகங்களையெல்லாம் நான்தான் படித்து முடிக்கிறேன், மனிதர்களைப் பற்றி எனக்கு ஓரளவு தெரியும் என்று நினைத்திருந்தேன். அந்த மூன்று நாளில் ஃபோக்கேயின் முகத்தைப் பார்த்தபோது கண்ணாடி பார்ப்பதுபோல இருந்தது.

ஆகவே வியாழக்கிழமை அந்த மரத்தின் கிளையில் வால் தொங்கியபோது, கீழே புல்லில் இரண்டு குட்டிகள் ஒன்றன் காதை ஒன்று கடித்துக்கொண்டிருந்தபோது, மைக் கையில் இருந்தபோது, சரியாக அந்த நேரத்தில் கொய்நெட்டின் குரல் வந்தது.

"ரெசியாதோ, உன் பக்கம் ஏதாவது இருக்கா?"

"ஒண்ணும் இல்ல. காட்டுப்பன்றிதான்."

"எத்தன?"

"மூணு."

"எப்படி, நல்லா இருக்கா?"

"சுமாரா இருக்கு."

மைக்கை மாட்டினேன். ஃபோக்கேக்கு எங்கள் மொழி தெரியாது, ஆனால் விதி தெரியும், நான்தான் முதல் நாள் சொல்லிக்கொடுத்தேன். "சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் கழித்துச் சொல்லலாம் என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. என் தோளில் கைவைத்து, "முப்பத்தெட்டு வருஷமா எத்தனையோ பேர் வாய பாத்திருக்கேன். உங்க வாய் மாதிரி நல்ல வாய் பாத்ததில்ல" என்றார். அதைக் கொண்டாட மாரிட்யே ஃபிளாஸ்கைத் திறந்து எல்லோருக்கும் மும்மூன்று கோப்பை தேநீர் ஊற்றினார். அந்தத் தேநீரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதோடு நின்றிருந்தால் இந்தக் கடிதம் இல்லை. சிறுத்தை கொட்டாவி விட்டது. ஃபோக்கேக்கு மேல்தாடையின் பின்பற்கள் தெரியவில்லையாம், கொஞ்சம் பின்னால் தள்ள முடியுமா என்று கேட்டார், நானும் அந்தச் சந்தோஷத்தில் எங்கே தள்ளுகிறேன் என்று பார்க்காமல் தள்ளினேன், முதல் நாள் பெய்த மழை கரிசல் மண்ணில் அப்படியே உட்கார்ந்திருந்தது, பின்சக்கரம் இரண்டும் வெண்ணெயில் விரல் இறங்குகிற மாதிரி இறங்கிவிட்டன. நான் விசையை மிதிக்க மிதிக்க வண்டி உட்கார்ந்துகொண்டே போனது, மிதிக்கும்போதெல்லாம் சிறுத்தை தலையைத் தூக்கி, படிக்கிற பிள்ளைக்குப் பக்கத்தில் சத்தம் போடுகிறவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தது. இறங்கிச் சக்கரத்துக்குக் கிளை வைக்க முடியாது, குட்டி போட்ட சிறுத்தை நாற்பது அடியில் இருக்கிறது. ரேடியோவில் உதவி கேட்டால் எங்கே என்று கேட்பார்கள், இடத்தைச் சொன்னால் வருவார்கள், வந்தால் மூன்று பன்றியையும் பார்ப்பார்கள். அதிலும் பக்கத்தில் இருக்கிற வண்டி எது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் மாட்டிக்கொள்ளவில்லை, நின்று பார்க்கிறோம் என்று முடிவு செய்தேன். பத்தரை மணிவரை நின்று பார்த்தோம். அப்போது மாரிட்யே என் காதருகில் வந்து, "நான் சக்கரத்த பாக்கணும்" என்றார்.

வண்டியிலிருந்து இறங்கிப் புதர்ப்பக்கம் போக வேண்டுமென்றால் சக்கரத்தைப் பார்க்க வேண்டும் என்று நாகரிகமாகச் சொல்லச் சொல்லிப் பயணிகளுக்குப் பழக்கியதே நாம்தான். சக்கரம் நன்றாக இருக்கிறது அம்மா என்றேன். "இருக்கலாம். நான் பாத்தே ஆகணும்" என்றார். மூன்று கோப்பை மாமா. அதன்பிறகு நடந்ததை அந்த அம்மாவின் மரியாதைக்காக நான் எழுதவில்லை. சப்பாத்தியும் அவித்த முட்டையும் வைத்துக் கொடுத்த பெரிய டப்பா முகாமுக்குத் திரும்பவில்லை, அதற்குச் சமையல்காரர் இன்னும் என்னோடு பேசவில்லை என்பதை மட்டும் எழுதுகிறேன்.

பதினொன்றேகாலுக்கு ரேடியோ மறுபடி பேசியது. "பன்றி இன்னும் இருக்கா?" என்றான் கொய்நெட். இருக்கிறது என்றேன். "ரெண்டு மணி நேரமா ஒரே இடத்துலயா? அப்படிப்பட்ட பன்றிய நானும் பாக்கணுமே, வரேன்" என்றான். வேண்டாம் என்றேன். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"மாட்டிக்கிட்டியா?"

அந்தக் குரலில் கொஞ்சமாவது கிண்டல் இருந்திருந்தால் நான் சாயங்காலம்வரை நின்றிருப்பேன். இல்லை. "ம்" என்றேன்.

அவன் வந்தான். பார்ட் வண்டியின் மேல்திறப்பில் கேமராவோடு நின்றுகொண்டு வந்தார். நூறு அடி தள்ளி நிறுத்திய கொய்நெட் அந்தக் கழுத்தை நீட்டி முதலில் மரத்தைப் பார்த்தான், பிறகு குட்டிகளை, பிறகு என் சக்கரங்களை, கடைசியில் என்னை. மூன்று விரலை மட்டும் தூக்கிக் காட்டினான். அதற்குள் பார்ட் உரத்த குரலில், இதை ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை, விதி என்று ஒன்று இல்லையா என்று ஆரம்பித்துவிட்டார். கொய்நெட் அவர் பக்கம் திரும்பி நிதானமாகச் சொன்னான்: "குட்டி இருக்கு சார். ரேடியோல சொன்னா பத்து வண்டி கெளம்பி வரும், தாய் மெரண்டுடும். அதான் அவ வாய மூடிக்கிட்டு காவல் இருந்திருக்கா. நானா இருந்தா எனக்குத் தோணியிருக்காது."

பார்ட் இறங்கிவந்து என் கையைக் குலுக்கத் துடித்தார், சிறுத்தை இருப்பதால் விட்டுவிட்டார். ஃபோக்கே மட்டும் இருண்ட முகத்தோடு, "நாங்க ரெண்டேகால் மணி நேரம் பாத்தோம்" என்று எதிர்வீட்டுக்காரருக்குக் கேட்கும்படி சொல்லிக்கொண்டே இருந்தார். கொய்நெட் என் வண்டியை ஒட்டி வந்து, கீழே இறங்காமலே கயிறு மாட்டி எங்களை இழுத்தான். சிறுத்தை எழுந்திருக்கக்கூட இல்லை. முகாமில் என் வண்டியின் கட்டத்தில், 'சிறுத்தை, இரண்டு குட்டி' என்று அவன் கையாலேயே எழுதினான். நெகேசா அம்மா எல்லோர் முன்னாலும் என்னை நிறுத்தி, "தலைமை வழிகாட்டின்னா இதுதான். பாத்ததெல்லாம் சொல்றவ இல்ல, எத சொல்லக் கூடாதுன்னு தெரிஞ்சவ" என்றார். அப்போதும் நான் பேசவில்லை. அது அன்றைய இரண்டாவது மௌனம், முதலாவதைவிட அது எனக்கு எளிதாக வந்தது.

இப்போது சொல்லுங்கள், இது நியாயமா? ஒரே ஒரு பொய் சொன்னேன், அதில் பன்றிதான் வந்தது. அவனும் ஒரு பொய்தான் சொன்னான், அதில் நான் தேவதையாகிவிட்டேன். பொய்யைக்கூட அவனுக்குத்தான் அழகாகச் சொல்ல வருகிறது. ஆகவே ஆசிரியர் அவர்களிடம் என் கோரிக்கை: வரும் இதழின் மூன்றாம் பக்கத்தில், குட்டிகளைக் காக்க மௌனம் காத்த வழிகாட்டி ரெசியாதோ என்று நான்கு வரி வர வேண்டும். கொய்நெட்டின் பெயர் ஒரு வருடத்துக்கு எந்தப் பக்கத்திலும் வரக் கூடாது. இரண்டும் முடியாது என்றால் இரண்டாவது மட்டும் போதும்.

உங்கள் பட்டியில் கன்றுகள் பெருகட்டும், உங்கள் மேய்ச்சல் நிலத்தில் மட்டும் முதலில் மழை பெய்யட்டும். அத்தைக்கு என் அன்பு. வெள்ளைக் காளைக்கும்தான்.

உங்கள் தங்கை மகள்,
ரெசியாதோ

பின்குறிப்பு: கடிதம் கொண்டுபோகும் சாமான் லாரி எங்கள் கரிசலில் ஒன்பது நாளாக மாட்டியிருப்பதால், மேலே உள்ளது இன்னும் என் மேசையிலேயே இருக்கிறது. மேலே உள்ள எதையும் அச்சிட வேண்டாம். திங்கட்கிழமை காலை நெகேசா அம்மாவிடம் போய், அன்றைக்குக் குட்டிகளை நான் நினைக்கவே இல்லை, கொய்நெட்டைத்தான் நினைத்தேன் என்று சொல்லிவிட்டேன். "இத நீ சொல்லாமலே இருந்திருக்கலாமே" என்றார். ஆமாம் என்றேன். அவர் சாக்கட்டியை எடுத்துப் பலகையில் கொய்நெட்டின் பெயரை எழுதினார். வரும் இதழில் அவன் பெயரைப் போடுங்கள். புகைப்படம் வேண்டாம்.

சனிக்கிழமை கொய்நெட் நைவாஷாவுக்குப் புறப்பட்டான். சரணாலயத்தின் செகெனானி வாசல்வரை நான்தான் கொண்டுபோய் விட்டேன். வழியில் ஒரு சிறுத்தை பாதையைக் கடந்தது. அவன்தான் முதலில் பார்த்தான்.